விமானக் கதவில் நான் நின்றது

கள்ளிக்குப்பத்தில் ஃப்ளாட் வாங்கி நாங்கள் குடிவந்து ஆறு வருஷமாகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. அதற்கு முன்பு பதினேழு வருஷம் ராணுவத்தில், பாராசூட்டில் குதிக்கும் படைப்பிரிவு ஒன்றில் இருந்தேன். அதே பிரிவில் என்னோடு இருந்த ஒருவன் பாரிவாக்கத்தில் இருக்கிறான் என்பது குடிவந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். ஆவடி வழியாக பைக்கில் போனால் நாற்பது நிமிஷம். ஆறு வருஷத்தில் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. பூந்தமல்லியில் ஏதாவது வேலை இருந்தால்கூட மதுரவாயல் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவேன். மனைவி கேட்டால், "அந்த ரோட்ட தோண்டிப் போட்டிருக்கான்" என்பேன்.

எங்கள் பிரிவில் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் தேனி. அவன் ஆவடி. அவன் அப்பா அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் அவன். எங்கள் பயிற்சிக் குழுவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஆரம்பத்தில் அவன் பேசும் மெட்ராஸ் தமிழ் எனக்குப் பாதி புரியாது. எனக்கு இந்தி வராது. அவனுக்கு வரும். மெஸ்ஸில் எனக்குச் சோறு வேண்டும் என்றால்கூட அவன்தான் கேட்டு வாங்கித் தருவான்.

பாராசூட்டில் குதித்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது தரையில் எப்படி இறங்குவீர்கள் என்றுதான். விமானத்தைவிட்டு எப்படி வெளியே வருவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்கோ மாதக்கணக்கில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எக்ஸிட் என்பார்கள். விமானத்துக்குள் தலைக்கு மேலே ஒரு எஃகுக் கம்பி ஓடும். நம் பாராசூட்டோடு சேர்ந்த நீளமான பட்டையை அதில் மாட்டியிருப்போம். வெளியே விழுந்ததும் அந்தப் பட்டை இழுபட்டு பாராசூட் தானாகத் திறக்கும். ஆகவே நாம் செய்யவேண்டியதெல்லாம் ஒன்றுதான். கதவு விளிம்பில் காலை ஊன்றி, மோவாயை நெஞ்சில் வைத்து, முழங்கையை ஒட்டிக்கொண்டு, பலமாக எம்பி வெளியே குதிக்க வேண்டும். எம்பாமல் சும்மா காலை எடுத்து வைத்தால் காற்று நம்மை விமானத்தின் பக்கவாட்டிலேயே தேய்த்துக்கொண்டு போகும். உடம்பு பம்பரமாகச் சுற்றும். பாராசூட்டின் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். கழுத்தில் சிக்கலாம், கையில் சிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வலப்பக்கம் ஒரு கதவு, இடப்பக்கம் ஒரு கதவு. இரண்டிலும் ஆட்கள் மாற்றி மாற்றிக் குதிப்பார்கள். வலது, இடது, வலது, இடது. நடுவில் அரை நொடிதான் இடைவெளி. ஒருவன் கதவில் தயங்கி நின்றால் எதிர்க் கதவில் இருப்பவனோடு ஒரே நேரத்தில் வெளியே வருவான். அதோடு எக்ஸிட்டும் பலவீனமாக இருந்தால் விமானத்தின் வாலுக்குக் கீழே இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாராவது எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

பயிற்சி முடிந்து, பிரிவில் சேர்ந்து, நாங்கள் ஏழெட்டு முறை குதித்தாகிவிட்ட சமயம். ஒரு பயிற்சிக் குதிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், தரையில் மரத்தால் செய்து வைத்திருந்த மாதிரிக் கதவில் ஒத்திகை நடந்தது. என் முறை முடிந்து வந்து உட்கார்ந்தேன். ஆவடி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமே, உன் எக்ஸிட்டு பஸ்லர்ந்து ஸ்டாப்பிங்ல எறங்குற மாதிரி கீது."

"போடா."

"காமெடி பண்ணல. காலத் தூக்கி வெக்கிறே. குதிக்கல நீ. எந்திரி, வா. ரெண்டு பேரும் நாலு தபா குதிச்சுப் பாப்போம்."

"டீ ஆறிடும். நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு மேலர்ந்து குதிக்கணும், தெரியுமா?" என்று சிரித்துவிட்டு அவன் மட்டும் போய் நாலு முறை குதித்துவிட்டு வந்தான். அவன் எப்போதுமே அப்படி. முதல் ஆளாகச் சாப்பிட, முதல் ஆளாக ஓட, முதல் ஆளாக வண்டியில் ஏற வேண்டும் அவனுக்கு. அந்தக் குணம் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். பிறகு அதுவே எனக்கு வசதியாகப் போனது.

மறுநாள் காலை. இடது கதவில் நான் நாலாவது ஆள். வலது கதவில் அவன் ஐந்தாவது. அதாவது எனக்கு அடுத்து அரை நொடி கழித்து அவன் குதிக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தது. முன்னால் இருந்த மூன்று பேரும் போனார்கள். நான் கதவுக்கு வந்தேன். எதிரே அடிவானத்தைப் பார்க்க வேண்டும், கீழே பார்க்கக் கூடாது என்பது முதல் பாடம். நான் கீழே பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு கால்வாய் தெரிந்தது. அதன் கரையில் ஒரு டிராக்டர், பொம்மை மாதிரி. என் கால் விளிம்பில் ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு நேரம் நின்றேன்? கண் சிமிட்டும் நேரம்தான். பின்னாலிருந்தவனின் நெஞ்சு என் முதுகில் இடித்தது. அப்புறம் காலை எடுத்து வைத்தேன். அவன் சொன்னபடியே, பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி.

தோள் விமானத்தின் தகட்டில் உரசியது. வானமும் மண்ணும் மாறி மாறிச் சுற்றின. ஏதோ கனமான ஒன்று என் காலில் மோதியது. ஒரு கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. யாரோ கத்தினார்கள். நானாகவும் இருக்கலாம். பிறகு தலைக்கு மேலே என் பாராசூட் விரிந்தது. கயிறுகள் முறுக்கியிருந்தன. உதைத்து உதைத்து முறுக்கைப் பிரித்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். ஆவடியின் பாராசூட் பாதிதான் விரிந்து ஒரு பக்கமாகச் சுருங்கித் தொங்கியது. அவன் எனக்கு ரொம்பக் கீழே, ரொம்ப வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். நெஞ்சில் இருந்த இரண்டாவது பாராசூட்டை இழுத்தான். அது திறக்கத் தொடங்கும்போதே தரை வந்துவிட்டது.

இடுப்பெலும்பும் இடது தொடையும் உடைந்தன. உயிர் பிழைத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளில் கிடந்தான். இடது கால் குட்டையாகிப்போனது. சேவைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. எனக்குக் கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு மட்டும்.

விசாரணை நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நீ உன் முறைப்படிதான் குதித்தாயா என்று கேட்டார்கள். "ஆமாம் சார்" என்றேன். கதவில் தயங்கினாயா? "இல்லை சார்." என் கதவில் நின்று ஆட்களைக் குதிக்க அனுப்பிய ஜம்ப் மாஸ்டர், முன்னால் போனவனின் பட்டையைக் கவனித்துக்கொண்டிருந்ததாகவும் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். எனக்குப் பின்னால் இருந்தவன் தனக்கு எதுவும் தெரியாது என்றான். ஆஸ்பத்திரியில் ஆவடியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவன், "நான் கொஞ்சம் சீக்கிரம் குதிச்சிருப்பேன்னு நினைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஞாபகமில்லை. தன் குணம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. அப்படியே எழுதி முடித்தார்கள். வலது கதவின் ஐந்தாவது ஆள் முறைக்கு முன்பே குதித்ததால் நேர்ந்த விபத்து.

அவனை ஒருமுறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, "சாரி மாமே" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுடா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் அவனை மன்னித்திருந்தேன்!

அதன்பிறகு நான் எத்தனையோ முறை குதித்தேன். நன்றாகவே குதித்தேன். இளைஞர்களுக்கு எக்ஸிட் சொல்லிக்கொடுக்கும் வேலைகூடப் பார்த்தேன். கண்டிப்பானவன் என்று பெயர் வாங்கினேன்.

இந்த வருஷம் ஜனவரி இருபத்தாறாம் தேதி எங்கள் அபார்ட்மெண்டில் கொடியேற்றினார்கள். வழக்கம்போல என்னைப் பேசச் சொன்னார்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண், "அங்கிள், குதிக்கும்போது உங்களுக்கு பயமா இருக்காதா?" என்று கேட்டாள். "பயந்தவன் கதவுப் பக்கமே வரக்கூடாதும்மா" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் என்னை இன்னும் கொஞ்சம் பேச வைத்தது. கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல ஆரம்பித்து, என் கழுத்துத் தழும்பைக் காட்டி, "என் கூடக் குதிச்ச ஒருத்தர் அவசரப்பட்டார். அரை நொடி. அவர் வாழ்க்கையே போச்சு" என்றேன். யாரும் அதைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பொய்யை நானாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. கூசவே இல்லை. சரளமாக வந்தது.

யாரோ அதை வீடியோ எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து முன்னாள் ராணுவத்தினர் குரூப் ஒன்றுக்குப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"இன்னா மாமே, எப்டி கீறே? ஆவடி பேசறேன்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"வீடியோ பாத்தேன். சூப்பரா பேசினே. கள்ளிக்குப்பத்துலயா கீறே? எம்மாம் நாளா? ஒரு வார்த்த சொல்லல பாரு. நான் பாரிவாக்கத்துல ஊடு கட்டிக்கினு கீறேன். பூந்தமல்லில பைக்குக்கு சீட் கவர் தெக்கிற கடை. அப்பா கூடத்தான் கீறாரு. ஒரு நாள் வாயேன்."

"வரேன்டா" என்றேன்.

"அந்தத் தழும்பு இன்னும் போகலல்ல? பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. என்னாலதானே."

போனை வைத்துவிட்டு நான் பால்கனியில் நின்றதைப் பார்த்து மனைவி வந்தாள். யார் என்று கேட்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷம். தழும்பைப் பற்றிக் கேட்டபோது அவளிடமும் நான் அவசரக்காரன் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "போன்ல சொல்லிடாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் அவள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் திரும்பிவிடலாமா என்று ஒரு டீக்கடையில் நின்றேன். டீயைக் குடித்துவிட்டு மறுபடி வண்டியை எடுத்தேன்.

பாரிவாக்கத்தில் புதிதாகப் போட்ட தெருவில் கடைசி வீடு. கேட்டைத் திறக்க அவனே வந்தான். இடது செருப்புக்கு மட்டும் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கட்டை அடித்திருந்தது. அப்படியும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

உள்ளே அவன் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் காதைப் பிளந்தது. "தொழிற்சாலைல வேல செஞ்சு செஞ்சு காது போச்சு. கத்திப் பேசணும்" என்றான் ஆவடி. பிறகு அவர் பக்கம் திரும்பி, "அப்பா! என் கூட மில்ட்ரில இருந்தவன்! அன்னிக்கு கூடக் குதிச்சவன்!" என்று கத்தினான்.

பெரியவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கழுத்தைப் பார்த்தார்.

"தம்பிக்கும் அடிபட்டுச்சாமே. இந்த அவசரக்குடுக்கையால உங்களுக்கும் கஷ்டம். சின்ன வயசுலர்ந்தே இப்படித்தான். ஸ்கூல் பஸ் நிக்கறதுக்குள்ள குதிப்பான். நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்."

ஆவடி சிரித்தான். இந்த வார்த்தைகள் அந்த வீட்டில் எத்தனையோ முறை சொல்லப்பட்டுத் தேய்ந்துபோனவை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"வெளிய வாடா, கொஞ்சம் பேசணும்" என்றேன்.

வாசலில் அவனுடைய மூன்று சக்கர ஸ்கூட்டர் நின்றது. அதன் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். நீ சீக்கிரம் குதிக்கவில்லை. நான்தான் கதவில் நின்றேன். கீழே பார்த்துவிட்டேன். விசாரணையில் பொய் சொன்னேன். உன் முறையில்தான் நீ வந்தாய். சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் நடுவில், "எனக்கும் அப்ப இருபத்தஞ்சு வயசுதான்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதை உடனே திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்றிருந்தது.

அவன் ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ நேரம் நின்னே?"

"ஒரு நொடிகூட இருக்காது."

"நான் என் முறைலதான் வந்தேனா?"

"ஆமா."

"கரெக்டா?"

"கரெக்டா வந்தே."

எதிர்ப்புறத்துக் காலி மனையைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரல் உயரவில்லை.

"காலு போனது கூட பரவால்ல மாமே. குதிச்சா ஒடையும், தெரிஞ்சுதான் போனோம். ஆனா டெய்லி படுக்கும்போது எண்ணுவேன். வலது, இடது, வலது, இடது. எங்க நான் தப்பு பண்ணேன், எங்க அவசரப்பட்டேன்னு. என் பொண்ணு ரோட்ட கிராஸ் பண்ண ஓடினாக்கூட அடிச்சிருக்கேன். என் புத்தி அவளுக்கு வந்துரக் கூடாதுன்னு. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுடா."

"எப்டி தெரியும்? நீதான் வர்லியே." ஹேண்டிலை விட்டான். "உள்ள வா. எங்கப்பா கிட்ட சொல்லு."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவனிடம் சொன்னதும் கதை முடிந்துவிடும், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தேன்.

பெரியவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, அன்னிக்கு தப்பு என் மேலதான்" என்றேன்.

"என்னது?"

"தப்பு என் மேல!"

"உங்க மேல என்ன தம்பி தப்பு? இவன்தான்..."

"இல்லப்பா! நான் பயந்து நின்னுட்டேன்! அவன் சரியாத்தான் குதிச்சான்! நான் பொய் சொல்லிட்டேன்!"

அவ்வளவு சத்தமாக நான் பரேடு மைதானத்தில்தான் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் ஜன்னல் பக்கமாக எட்டிப் பார்த்தாள். பெரியவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"அப்ப இவன் அவசரப்படலியா?" என்றார்.

"இல்லப்பா."

அவர் என்னைவிட்டு மகனைப் பார்த்தார். "ஏண்டா நீ சொல்லல?"

"எனக்கே தெரியாதுப்பா!"

"நான் உன்ன எவ்வளவு பேசிட்டேன்" என்றார். அதை மெதுவாகச் சொன்னார், தனக்கே கேட்காத அளவுக்கு. எழுந்து மகனிடம் வந்து அவன் தோளில் கை வைத்தார். அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தோளைத் தட்டினார். மறுபடி தட்டினார். "வுடுப்பா, வுடு" என்றான் ஆவடி. இரண்டு பேரும் அழவில்லை. நான் அந்த அறையில் இருப்பது அவர்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட்டைத் திறக்கும்போது அவன் பின்னாலேயே வந்தான்.

"அந்த வீடியோல சொன்னே பாரு. அவசரப்பட்டான், வாழ்க்க போச்சுன்னு. அத மாத்திச் சொல்லு. அதே குரூப்புல."

"சொல்றேன்."

"நீ சொன்னது என் பசங்க பாத்துச்சு, மாமே."

அன்றைக்கே வீட்டில் மனைவி போனைப் பிடிக்க, நான் பேசினேன். நான்கு நிமிஷம். எதையும் விடாமல் சொன்னேன். இரண்டு குரூப்பிலும் போட்டேன். விசாரணையில் பொய் சொன்னதை எழுதி, கையெழுத்துப் போட்டு, எங்கள் பிரிவின் ஆவணக் காப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலுக்கு இதுவரை பதில் இல்லை.

அபார்ட்மெண்ட் குரூப்பில் ஒருமணி நேரம் யாரும் எதுவும் போடவில்லை. அப்புறம் ஒருவர், "கிரேட் ஹானஸ்டி சார்" என்று எழுதினார். தொடர்ந்து பூங்கொத்தும் கும்பிடும் கைகளும் வரிசையாக வந்தன. அதைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். முன்னாள் ராணுவத்தினர் குரூப்பில் இருந்தவர்களுக்கு விஷயம் சரியாகப் புரிந்தது. ஒருவர்கூடப் பூங்கொத்து அனுப்பவில்லை. என்னோடு இருந்த ஒருவன் மட்டும் தனியாக எழுதினான். அன்று என் பின்னால் நின்றவன். இப்போது பாலக்காட்டில் இருக்கிறான். "நீ நின்றது எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. ஆவடியின் நம்பர் கொடு." கொடுத்தேன். பேசினானா என்று கேட்கவில்லை.

எட்டாவது படிக்கும் அந்தப் பெண்ணின் அப்பா லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனைப் பார்க்கிறார். நான் அதில் தப்புச் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு வேறொருவரைப் பேச ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஆவடி கூப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், நான் ஷிப்டில் இருக்கும்போது, அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. பெரியவர்.

"தம்பி, கடைலேர்ந்து பேசறேன். அவன் வெளிய கஸ்டமர்கிட்ட பேசிட்டிருக்கான். போன இங்க வெச்சுட்டுப் போனான். உங்க பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறான். நான் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறான். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அவன் பேச வேண்டாம்ப்பா" என்றேன்.

"என்ன?"

கேட் அருகே லாரி ஒன்று உள்ளே வர நின்றுகொண்டிருந்தது. என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் பேச வேண்டாம்! அவன் செய்யறது சரிதான்!"

"சரி தம்பி, சரி" என்றார் அவர். அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் லாரியின் பேப்பர்களை வாங்கிப் பார்க்கப் போனேன்.